பைப்புழுவும் மரச் செல்வமும்

நாட்டின் மரச் செல்வம் என்றவுடன் காடுகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் மரங்கள் ஊரகக் குடும்பங்களுக்கு அளிக்கும் பயன் சிறிதன்று. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் இணைந்து 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. இவ்விரு மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் வறட்சியைத் தாங்கி நிற்பவை புளியும் மாவும் வேம்புமே. கிளிமூக்கு என்று நாம் கூறும் தோதாபுரி மாம்பழம் சித்தூர் வட்டாரத்தின் பழக்கூழ் ஆலைகளுக்கு மூலப்பொருளாக விளங்குகிறது.

இத்தகைய மரங்களை நாடும் பூச்சிகளுள் பைப்புழுவும் ஒன்று. வழக்கமான ஆண்டுகளில் அது பொருட்படுத்தத்தக்க பகையன்று. எண்ணிக்கை பெருகிவிட்டாலோ, பசுமையான மரம் சில வாரங்களில் மொட்டையாகிவிடும். அப்போது கிடைத்த மருந்தை வாங்கித் தெளிப்பதே பலரும் செய்வது. அதனால் பணம் விரயமாவதோடு, சில வேளைகளில் புழுவின் பெருக்கமும் கூடிவிடுகிறது. எனவே இப்பூச்சியின் வாழ்க்கை முறையை அறிந்துகொள்வது சிக்கனமான பாதுகாப்பின் முதற்படியாகும்.

பைக்குள் ஒரு வாழ்க்கை

பைப்புழுக்கள் சைக்கிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இக்குடும்பத்தில் சுமார் 1,350 இனங்கள் உள்ளன. புழு தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் பை ஒன்றைப் பின்னி, அதன்மேல் இலைத்துணுக்குகளையும் சிறு குச்சிகளையும் ஒட்டிக்கொள்கிறது. தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலையைத் தின்கிறது. நகரும்போது பையையும் இழுத்துச் செல்கிறது. ஆபத்து நேர்ந்தால் உள்ளே ஒடுங்கி வாயிலை மூடிக்கொள்கிறது. வளர வளரப் பையையும் பெரிதாக்கிக்கொள்கிறது.

குச்சிகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய விறகுக் கட்டுப் போலவே சில இனங்களின் பை தோன்றும். இலங்கையில் சிங்கள மக்கள் இதனை விறகுக் கட்டு என்றே அழைத்தனர் என்றும், முற்பிறப்பில் விறகு திருடியவரே இப்பிறப்பில் இப்புழுவாகச் சுமை தூக்குகின்றனர் என நம்பினர் என்றும், 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் இயற்கை வரலாற்றை எழுதிய எமர்சன் டென்னென்ட் குறித்துள்ளார்.

முழு வளர்ச்சியடைந்த புழு, பையைக் கிளையில் பட்டிழையால் இறுகக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஆண் சிறகுடைய அந்தாக வெளிவருகிறது. பெண்ணுக்குப் பெரும்பாலான இனங்களில் சிறகு இல்லை. பல இனங்களில் காலும் இல்லை. அது பையை விட்டு அகலாமல் ஆணுக்காகக் காத்திருந்து, அதே பைக்குள் முட்டையிட்டு மடிகிறது. ஒரு பையில் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். வெளிவரும் இளம்புழுக்கள் பட்டிழையில் தொங்கிக் காற்றில் மிதந்து பக்கத்து மரங்களை அடைகின்றன.

இப்பூச்சியின் வலிமையும் பலவீனமும் இதில் அடங்கியுள்ளன. பை ஒரு கவசம். மேலே தெளிக்கப்படும் நஞ்சு உள்ளே எளிதில் செல்லாது. ஆனால் பெண் பறக்க இயலாதது. ஆகவே முட்டை பொரியுமுன் ஒரு பையை அகற்றினால், ஒரு தலைமுறை முழுவதும் அகற்றப்படுகிறது.

எந்த மரத்தில், எத்தகைய சேதம்

தென்னிந்தியாவில் குறிப்பிடத்தக்கவை இரண்டு இனங்கள். யூமீட்டா கிராமெரி என்பது குச்சிகளை அடுக்கிக் கட்டும் பெரிய பைப்புழு. கருவேலம், சவுக்கு, தேயிலை முதலிய பலவற்றில் காணப்படுவது. டெரோமா பிளாஜியோஃப்ளெப்ஸ் என்பது இலைத்துணுக்குகளைப் போர்த்திய கூம்பு வடிவச் சிறிய பையை உடையது; புளிய மரத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது.

இலைகளில் துளைகள், பச்சையம் சுரண்டப்பட்ட பழுப்புத் திட்டுகள், கிளை நுனிகளில் காய்ந்த சருகு போலத் தொங்கும் பைகள் ஆகியவை அடையாளங்கள். காய்ந்த காயென்றோ சருகென்றோ கருதிப் பலர் இவற்றைக் கவனியாது விடுகின்றனர். நன்கு வேரூன்றிய மரம் ஒருமுறை இலையிழந்தால் மீண்டும் துளிர்த்துவிடும். அடுத்தடுத்து இலையிழக்கும் மரத்துக்கோ சேமித்த உணவு தீர்ந்து விளைச்சல் குன்றும். இளமரம் பட்டுப்போகவும் நேரும்.

வாழச்சால் தரும் பாடம்

சிறு பூச்சியாக இருந்தது பெரும் பகையாக மாறியதற்குக் கேரளம் சான்று தருகிறது. விரைந்து வளரும் அல்பீசியா மரங்கள் அங்கு வாழச்சால் பகுதியில் தனி மரத்தோட்டமாக வளர்க்கப்பட்டன. 1970களின் பிற்பகுதி முதல் அத்தோட்டங்களில் டெரோமா பைப்புழு பெருகி மரங்களை மொட்டையாக்கியது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே.எஸ்.எஸ். நாயரும் ஜார்ஜ் மேத்யூவும் இதனை ஆராய்ந்தனர். தாக்குதல் தோட்டம் முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் தோன்றியது. மீண்டும் மீண்டும் இலையிழந்த மரங்களில் சில மடிந்தன. புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பலவும் அங்குக் கண்டறியப்பட்டன.

புளியமரங்கள் பிற மரங்களுக்கிடையே சிதறி நிற்கையில் அடங்கியிருந்த பூச்சி, ஒரே இன மரங்கள் ஏக்கர் கணக்கில் நெருங்கி நின்றபோது கட்டு மீறிற்று. சமூகக் காடு, தோட்ட விரிவாக்கம் ஆகியவற்றைத் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது. திட்டுகள் சிறியவையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வேலை எளிது என்பதும் இதனின்று பெறப்படும் பாடமாகும்.

மலேயாவின் அனுபவம்

மலேயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும், அவற்றில் உழைத்தோருள் தமிழர் பலர், பைப்புழு பெருந்தொல்லையாயிற்று. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிற பூச்சிகளை ஒழிப்பதற்காக அங்கு நீண்ட நாள் நஞ்சுத்தன்மை மாறாத மருந்துகள் பரவலாகத் தெளிக்கப்பட்டன. பைக்குள் பாதுகாப்பாக இருந்த புழுக்கள் தப்பின. திறந்த வெளியில் பறந்த குளவிகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் மாண்டன. பகைவரற்ற பைப்புழு பெருகிற்று. மேலும் மருந்து தெளிக்கப்பட்டது. பிரையன் வுட் என்னும் பூச்சியியலாளர் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார். அத்தகைய தெளிப்பு நிறுத்தப்பட்ட இடங்களில் இயற்கைப் பகைவர்கள் மீண்டு புழுவின் எண்ணிக்கை தணிந்தது.

மருந்துச் செலவை மட்டும் கணக்கிடுவோர், அம்மருந்து கொன்ற குளவிகள் இலவசமாகச் செய்துவந்த வேலையின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கடன் அடுத்த பருவத்தில் வட்டியுடன் வந்து நிற்கிறது. இந்திய அரசு 1985 முதல் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைப் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாகக் கொண்டதற்கு இத்தகைய அனுபவங்களும் வலுவூட்டுகின்றன.

கட்டுப்படுத்தும் முறைகள்

முதலாவது, கையால் அகற்றுதல். எட்டும் உயரத்திலுள்ள பைகளைக் கையாலும், உயரத்திலுள்ளவற்றைத் துறட்டியாலும் நீக்கலாம். பையைப் பிடித்து இழுப்பதைவிட, கட்டியிருக்கும் பட்டிழையைக் கத்தரித்து எடுப்பது நன்று. இறுகிய இழை கிளையிலேயே தங்கினால், கிளை பருக்கும்போது அதனை நெரிக்கக்கூடும். எடுத்த பைகளை மரத்தடியில் போடலாகாது. புழு மீண்டும் ஏறும், முட்டைகளும் பொரியும். சோப்பு நீரில் அமிழ்த்தியோ ஆழப் புதைத்தோ அழிக்கவேண்டும்.

இதற்குரிய காலத்தையும் கருதவேண்டும். குளிர் நாடுகளில் பைப்புழுவுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறையே உண்டு. வெப்ப நாடுகளில் பல தலைமுறைகள் தொடர்கின்றன. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதாது. ஆயினும், சனவரி முதல் ஏப்ரல் வரை புளி உலுக்குவதற்காக ஆட்கள் மரமேறும் நாட்கள் நல்வாய்ப்பாகும். அப்போதே பைகளையும் அகற்றிவிட்டால் தனிக் கூலி பெரிதாகாது. பின்னர் வரும் புதுத் தளிரும் காக்கப்படும்.

இரண்டாவது, வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் இளம்புழுக்கள் இலை தின்பதைக் குறைக்கும்.

மூன்றாவது, பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்து. இளம்புழு இலையுடன் இதனை உட்கொண்டால் மடியும். ஆனால் 1901இல் சப்பானில் பட்டுப்புழுவின் நோய்க் காரணியாகவே இந்நுண்ணுயிர் முதலில் அறியப்பட்டது என்பதை மறக்கலாகாது. பலமனேர் போன்ற பட்டு வளர்ப்புப் பகுதிகளில் மல்பெரித் தோட்டங்களின் அருகே இதனைப் பயன்படுத்துதல் தகாது.

இரசாயன மருந்து இறுதி வழியே. அதுவும் இளம்புழு நிலையில், அம்மரத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தை, வேளாண் அலுவலரின் பரிந்துரைப்படியே பயன்படுத்தவேண்டும். பை தடித்துத் தொங்கிய பின் தெளிப்பது வீண் செலவு. பூக்கும் காலத்தில் தெளித்தால் தேனீக்கள் மடிந்து காய்ப்பு குறையும். மாம்பழத்தில் நஞ்செச்சம் மிகுந்தால் ஏற்றுமதியாகும் பழக்கூழ் திருப்பி அனுப்பப்படவும் நேரும்.

வீட்டுச் சுவரில் காணும் கூடு

கொல்லை மரத்தின் பைப்புழு சில வேளைகளில் வீட்டுச் சுவரிலோ சன்னல் சட்டத்திலோ ஏறித் தொங்கும். அது வீட்டுப் பொருளைத் தின்பதில்லை. எடுத்து அகற்றுவதே போதுமானது.

சுவரின் அடியில் வெள்ளரி விதை போன்று தட்டையாகவும் சாம்பல் நிறமாகவும் ஊர்ந்து செல்லும் சிறு கூடு வேறு வகை. இது துணி அந்தின் குடும்பமாகிய டினெய்டேயைச் சேர்ந்தது. இக்கூட்டின் இரு முனைகளும் திறந்திருப்பதால் புழு எம்முனையிலும் தலை நீட்டும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, இறந்த பூச்சிகள், கம்பளி ஆகியவை இதன் உணவு. ஒட்டடை அடித்தல், கட்டிலுக்கும் பெட்டிகளுக்கும் அடியில் பெருக்குதல், ஈரக் கசிவைத் தடுத்தல், கம்பளியையும் பட்டாடையையும் அவ்வப்போது வெயிலிட்டு மடித்து வைத்தல் ஆகியவை போதும். குழந்தைகள் உறங்கும் அறையில் இதற்காக நஞ்சு தெளிக்கத் தேவையில்லை.

பொது மரத்துக்குப் பொறுப்பாளர் யார்?

பைப்புழுவைக் கட்டுப்படுத்தும் நுட்பம் கடினமானதன்று. பொறுப்பைப் பகிர்வதே கடினம். ஒருவர் தம் மரத்தைத் தூய்மை செய்தாலும், வேலிக்கு அப்பாலுள்ள மரத்திலிருந்து இளம்புழுக்கள் காற்றில் வந்துசேரும். சாலையோரப் புளிய மரங்களின் மகசூல் ஏலம் விடப்படும் இடங்களில் இச்சிக்கல் மேலும் தெளிவாகும். ஓராண்டுக்கு மட்டும் ஏலம் எடுத்தவர் காயை எடுத்துச் செல்வார். அடுத்த ஆண்டு மரம் துளிர்க்குமா என்பது அவர் கணக்கில் வராது. பயன் அடுத்தவருக்குச் செல்லும் என்றால் செலவு செய்ய யாரும் முன்வருவதில்லை.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. ஏலக் காலத்தைச் சில ஆண்டுகளாக நீட்டிக்கலாம். அறுவடையின்போது பைகளை அகற்றுவதை ஏல நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஏல வருவாயின் ஒரு சிறு பகுதியை மரப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். மாணவர்களைக் கொண்டு ஊர் மரங்களை மாதமொருமுறை பார்வையிட்டு, பைகள் தோன்றும் மரங்களைக் குறித்து ஊராட்சிக்கு அறிவிக்கச் செய்யலாம். திருப்பதியிலுள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் வல்லுநர்களின் ஆலோசனையும் இவ்வட்டாரத்துக்கு அருகிலேயே கிடைக்கக்கூடியது.

வளர்ந்த புளிய மரம் ஒன்று தலைமுறைகளுக்குப் பயன் தருவது. அதனைக் காப்பதற்கு வேண்டியது விலையுயர்ந்த மருந்தன்று. உரிய காலத்தில் அண்ணாந்து பார்க்கும் கண்ணும், ஒரு துறட்டியும், அது தம் பொறுப்பே என ஏற்கும் ஊரும் ஆகும்.