உங்கள் கட்டிலருகே வரும் இளம் மருத்துவர்

“பெரிய டாக்டர் எப்போது வருவார்? இரவு வந்து பார்த்தவர் படிக்கிற பிள்ளைதானே?” வார்டில் உடனிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. மருந்தை மாற்றி எழுதுபவரும், நள்ளிரவில் மூச்சுத் திணறல் ஏற்பட்டால் முதலில் ஓடிவருபவரும் யார் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அவர் முதுநிலை மருத்துவ மாணவராக இருப்பார். அவர் இங்கு எவ்வாறு வந்து சேர்கிறார் என்பதை இவ்விதழில் விளக்குகிறோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். முதுநிலை மாணவர் ஏற்கெனவே மருத்துவர். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை நாலரை ஆண்டுகள் பயின்று, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு பணியாற்றி, மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற பின்னரே இப்படிப்பில் சேர இயலும். பொது மருத்துவம், குழந்தை நலம், அறுவை சிகிச்சை போன்ற ஒரு துறையில் எம்.டி. அல்லது எம்.எஸ். பட்டம் பெற மூன்றாண்டுகள் இங்கேயே பணி செய்துகொண்டு கற்கிறார்.

இதற்கான நுழைவாயில் நாடு முழுவதற்கும் பொதுவான முதுநிலை நீட் தேர்வு. அதில் 200 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். மதிப்பெண்ணுக்கேற்பத் தரவரிசை எண் வழங்கப்படுகிறது.

அடுத்தது கலந்தாய்வு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் அடங்கும். அவற்றை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. எஞ்சியவற்றை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. தமிழகத்தின் பங்கில் ஒரு பகுதி, அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கென ஒதுக்கப்படுகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நீங்கள் ‘படிக்கிற பிள்ளை’ என்று எண்ணுபவர், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சில ஆண்டுகள் நடத்திவிட்டு வந்தவராகவும் இருக்கலாம்.

கலந்தாய்வில் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் கல்லூரியையும் துறையையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார். ஒருவர் சென்னையில் பொது மருத்துவத்தை முதலாவதாகவும், மதுரையில் குழந்தை நலத்தை இரண்டாவதாகவும் எழுதியுள்ளார் எனக் கொள்வோம். அவரது முறை வரும்போது முதல் விருப்பத்தில் இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கும். தீர்ந்துவிட்டிருந்தால் இரண்டாவது பார்க்கப்படும். இட ஒதுக்கீட்டு விதிகளுக்கு உட்பட்டு, தரவரிசைப்படி இது பல சுற்றுகளாக நடைபெறுகிறது.

அமெரிக்காவில் 1952 முதல் வேறு முறை நடைமுறையில் உள்ளது. அங்கே மருத்துவமனைகள் நேர்காணல் நடத்தி, தமக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்துகின்றன. விண்ணப்பதாரர்களும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறார்கள். இரு பட்டியல்களையும் கணினி பொருத்துகிறது. நம் கலந்தாய்வில் நேர்காணல் இல்லை. பரிந்துரைக்கு அதில் இடமில்லை என்பது இதன் பெருநன்மை. ஆனால், ஒதுக்கீட்டு ஆணையுடன் வந்து நிற்கும்வரை அம்மருத்துவரைத் துறையினர் அறியமாட்டோம். அவரது கைத்திறனையும், நோயாளியிடம் பேசும் பாங்கையும் எந்தத் தேர்வும் எங்களுக்குச் சொல்வதில்லை. அவற்றைக் கண்டறிந்து வளர்ப்பது எங்கள் கடமை. எனவே பொறுப்புகள் படிப்படியாகவே அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. முதலாண்டு மருத்துவர் முக்கிய முடிவுகளைத் தனித்து எடுப்பதில்லை.

இதனால்தான் ஒன்றை வலியுறுத்துகிறோம். “மூத்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று இளம் மருத்துவர் கூறினால், அதை அறியாமை என்று கருத வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்காக அவருக்கு நாங்கள் கற்பிக்கும் முதற்பாடம் அது. கேட்கத் தயங்கும் மருத்துவரைக் குறித்தே நாங்கள் கவலை கொள்கிறோம்.

பழகிய முகம் திடீரென மாறுவதற்கும் காரணம் உண்டு. கலந்தாய்வின் அடுத்த சுற்றில் விரும்பிய இடம் கிடைத்துச் சிலர் வேறு கல்லூரிக்குச் செல்வர். மேலும், முதுநிலை மாணவர்கள் படிப்புக் காலத்தில் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவை சில. மருத்துவரின் பெயரையும், அவர் எந்த ஆண்டு மாணவர் என்பதையும் கேளுங்கள். உங்கள் சிகிச்சைக்கு முதன்மைப் பொறுப்பாளரான நிபுணர் யார் என்றும் கேளுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் இவ்வுரிமையை உறுதி செய்கிறது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்குமுன், அதைச் செய்பவர் யார், உடனிருந்து மேற்பார்வையிடுபவர் யார் எனத் தெளிவு பெறுங்கள். புதிய மருத்துவர் வரும்போதெல்லாம் மருந்து ஒவ்வாமை, வீட்டில் உட்கொண்டுவந்த மாத்திரைகள் ஆகியவற்றை மீண்டும் சொல்லுங்கள். நேற்றே சொல்லியாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம். உடல்நிலை மோசமடைவதாக உங்களுக்குத் தோன்றி, கிடைத்த பதில் மனநிறைவு தரவில்லை என்றால், மூத்த மருத்துவரை அழைக்குமாறு தயங்காமல் கேளுங்கள். அதனால் எவரும் வருத்தம் கொள்ளமாட்டோம்.