நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம்



கட்டுரை நோட்டுகளைத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் செலவாவது ஓர் இடத்தில்தான். "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே" என்றும், "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றும் எழுதிவிடுகிறீர்கள். இது கவனக்குறைவால் வரும் பிழை அன்று. நம் தாய்மொழியின் பழக்கத்தால் வருவது.

தமிழில் "அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்றால், அது அவரது அன்றாட வேலையாகவும் இருக்கலாம். இந்த நிமிடம் நடப்பதாகவும் இருக்கலாம். நன்னூல் காட்டும் நிகழ்கால இடைநிலைகளுள் ஒன்றான "கிறு" இரண்டு பொருளையும் சுமக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் "பறித்துக்கொண்டிருக்கிறார்" என்போம். ஆங்கிலமோ ஒவ்வொரு முறையும், "வழக்கமா? இப்போது நடப்பதா?" என்று கேட்கிறது. அதற்கு விடை சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

1. வழக்கமும் பொது உண்மையும்: இவற்றுக்குச் சாதாரண நிகழ்காலம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஓடத் தொடங்கியது 1899இல். ரயில் மலையேறுவது அதன் வழக்கம். ஆகவே, "தி டிரெயின் கிளைம்ப்ஸ் தி ஹில்." ஹீ, ஷீ, இட் வரும்போது வினையின் இறுதியில் "எஸ்" சேர்க்க மறவாதீர்கள்.

2. இப்போது நடப்பது: இதற்குத் தொடர் நிகழ்காலம். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தால், "இட் இஸ் ரெய்னிங்." நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்வது வழக்கம் என்று சொல்ல, "இட் ரெய்ன்ஸ் இன் நவம்பர்." மழை ஒன்றுதான், சொல்லும் நோக்கம் வேறு.

3. மனநிலையும் உடைமையும்: நோ, பிலீவ், வான்ட் போன்ற சொற்களுக்குப் பொதுவாக "இங்" வேண்டாம். "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்பதே சரி. ஆனால் சாப்பிடும் வேளையில் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" என்பதும் சரியே. அங்கே ஹேவ் என்பது உடைமையன்று, உண்ணும் செயல்.

4. தற்காலிகம்: சில நாளைக்கு மட்டும் உள்ள நிலைக்கும் "இங்" வரும். இதை எனக்கு நன்கு விளங்கவைத்தவள் ஒரு மாணவியே.

அவள் பாட்டி இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. இத்தகையோருக்கு வேலை தரவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் அவள், "வீ ஆர் லிவிங் இன் குன்னூர்" என்று எழுதியிருந்தாள். நான் "லிவ்" என்று திருத்தினேன்.

"லிவிங் தப்பா மிஸ்?" என்று கேட்டாள்.

"தப்பில்லை அம்மா. லிவிங் என்றால் இப்போதைக்கு இருக்கிறோம் என்று பொருள். லிவ் என்றால் இதுதான் எங்கள் ஊர் என்று பொருள்" என்றேன்.

சற்று யோசித்தாள். "எங்க பாட்டி இன்னமும் அந்தத் தோட்டத்தைத்தான் 'நம்ம ஊரு'ன்னு சொல்லும். அப்படின்னா பாட்டிக்கு லிவிங், எனக்கு லிவ். சரியா மிஸ்?"

அந்த நோட்டில் என் திருத்தத்தை நானே அடித்துவிட்டு, இரண்டு வாக்கியங்களையும் எழுதச் சொன்னேன். முழு மதிப்பெண்ணும் கொடுத்தேன்.

மாணவியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எழுதுமுன், "வழக்கமா? இப்போதா? இப்போதைக்கா?" என்று உங்களையே கேளுங்கள். விடை தெரிந்துவிட்டால் இலக்கணம் தானே வரும்.