பழைய வண்டியும் காற்றுக் கசிவும்

வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்து, சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தில் குடியேறியவர் என் தந்தையார். எங்கள் பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி மாங்காய் ஏற்றினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். சென்ற விடுமுறையில் அதற்கொரு நோய். ஓடும்போது குறையில்லை, நின்றாலோ குலுங்கி அணைந்துவிடும். கார்புரேட்டரையே மாற்றவேண்டும் என்றார் பட்டறைக்காரர். அப்பா கடன் கேட்கப் புறப்பட்டார். “ஒருநாள் பொறுங்கள் அப்பா” என்றேன்.

நண்பர்களே, வண்டி நிற்கையில் திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுப்பதால் இன்டேக் குழாயில் அழுத்தம் குறையும். நல்ல எஞ்சினில் இக்குறைவு 17 முதல் 21 அங்குலப் பாதரசம். அப்போது உட்செல்லும் காற்றே சிறிதளவுதான். ஆகையால் ஒரு சிறு வெடிப்பில் நுழையும் காற்றும் பெரும் பங்காகிவிடும். எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று போதும். மிகுந்தால் தீ சரிவரப் பற்றாது. வேகத்தில் காற்று வெள்ளமாய்ப் பாய்வதால் கசிவு தெரிவதில்லை.

இரவல் வாங்கிய வேக்குவம் மீட்டரின் முள் 12-இல் அசையாமல் நின்றது. தீப்பொறி பிந்தினாலும் இப்படி நிற்கும். எனவே தேடத்தான் வேண்டும். ரப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை (விசிறியில் சிக்காமல்!) இணைப்புகள்தோறும் நகர்த்தினேன். கார்புரேட்டரின் அடியில் ‘உஸ்’ என்றது. அங்கே சோப்புத் தண்ணீர் தெளிக்க, எஞ்சின் சற்றுநேரம் சீராக ஓடிற்று. சிலர் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதுதான்.

கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது. புதிது போட்டதும் முள் 18-க்கு ஏறியது. அப்பா மறுநாள் புறப்பட்டார், மீட்டரைத் திருப்பிக் கொடுக்க.