கர்னல் மாறியது, வை-ஃபை காணாமல் போனது!

நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த வை-ஃபை இன்று இல்லை. அல்லது ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை, டச்பேட் நகரவில்லை. உடனே என்ன செய்வோம்? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுவோம். நானும் ஓடியவன்தான். உங்கள் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இருந்தால், ஓடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். செலவில்லை, ஐந்து நிமிடம் போதும்.

2024-இல் நடந்தது இது. என் பழைய லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருந்தது. இரவு அப்டேட் கேட்டது. என்னவென்று பார்க்காமல் சரி என்று கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஆன் செய்தால் திரையின் மூலையில் வை-ஃபை அடையாளமே இல்லை. அன்றுதான் மகளின் எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "வை-ஃபை கார்டு போயிடுச்சு சார். 1,500 ரூபாய் ஆகும், நாளைக்கு வாங்க" என்றார். நாளை வந்து என்ன பயன்?

வீட்டுக்குத் திரும்பி நிதானமாக யோசித்தேன். இரவில் மாறியது ஹார்ட்வேர் அல்ல, கர்னல்.

கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு. நாம் பயன்படுத்தும் புரோகிராம்களுக்கும் ஹார்ட்வேருக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவது இதுதான். லினக்ஸ் கர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். உபுண்டு 22.04 வந்தபோது அதில் இருந்தது 5.15 கர்னல். பிறகு அப்டேட் வழியாகவே பல லேப்டாப்புகளில் 5.19, 6.2, 6.5, 6.8 என்று மாறியது. பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுடனேயே வந்துவிடும். சில வை-ஃபை, கிராபிக்ஸ் சிப்புகளின் டிரைவர்கள் மட்டும் வெளியிலிருந்து வருபவை. ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி, இவை ஒரு கர்னலுக்கு மட்டுமே பொருந்தும். கர்னல் மாறினால் மறுபடி தைக்க வேண்டும். அந்தத் தையல்காரரின் பெயர் டி.கே.எம்.எஸ். அவருக்குத் தேவையான துணி, ஹெடர்ஸ் என்ற ஃபைல்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். உபுண்டு பழைய கர்னலை உடனே அழித்துவிடுவதில்லை. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் லோகோ வந்து மறையும்போது எஸ்கேப் கீயை ஒரே ஒரு முறை தட்டுங்கள். (மிகப் பழைய மாடல்களில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி இருக்க வேண்டும்.) பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவுக்குப் பதிலாக ஒரு கறுப்புத் திரை வந்து நிற்கும். நான் இரண்டு முறை அங்கே போய் மாட்டினேன். பயப்பட வேண்டாம், கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி முயலுங்கள். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு' என்ற வரிக்குப் போய் என்டர் தட்டுங்கள். கர்னல்கள் எண்களோடு வரிசையாக நிற்கும். இரண்டாவதாக உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'ரெக்கவரி மோட்' என்று முடியும் வரிகள் இப்போது வேண்டாம்.

நான் 6.5-ஐத் தேர்ந்தெடுத்தேன். வை-ஃபை வந்துவிட்டது! கார்டு போகவில்லை என்று உறுதி. முதல் வேலையாக மகளின் விண்ணப்பத்தை அனுப்பினோம். அப்புறம்தான் ரிப்பேர்.

டெர்மினலைத் திறந்து, டி, கே, எம், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு ஸ்டேட்டஸ் என்று அடித்தேன். வை-ஃபை டிரைவர் 6.5-க்கு மட்டும் நிறுவப்பட்டிருந்தது, 6.8-ஐக் காணோம். காரணமும் ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று சினாப்டிக் புரோகிராமில் ஹெடர்ஸ் எல்லாவற்றையும் நீக்கியவன் நானேதான். துணி இல்லாமல் தையல்காரர் என்ன செய்வார்?

அதே சினாப்டிக்கில் 'லினக்ஸ் ஹெடர்ஸ்' என்று தேடி, புதிய கர்னலின் முழு எண்ணும் 'ஜெனரிக்' என்ற சொல்லும் உள்ள பேக்கேஜை நிறுவினேன். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பயனில்லை. அது நிறுவி முடியும்போதே டிரைவரும் தானாகத் தயாரானது. ரீஸ்டார்ட் செய்தேன், 6.8-லும் வை-ஃபை வந்தது. கர்னல் எண் இல்லாமல், 'ஜெனரிக்-ஹெச்.டபிள்யூ.இ-22.04' என்று முடியும் பொதுவான ஹெடர்ஸ் பேக்கேஜையும் சேர்த்து நிறுவினேன். அது இருந்தால் அடுத்த கர்னலுக்கான ஹெடர்ஸ் தானாகவே வரும். (சினாப்டிக் உபுண்டுவுடன் வருவதில்லை, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.)

ஹெடர்ஸ் சரியாக இருந்தும் டிரைவர் ஏறவில்லையா? செக்யூர் பூட் காரணமாக இருக்கலாம். டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் என்டர் தட்டிக் கடந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

பழைய கர்னலிலும் வரவில்லை என்றால்? முதலில் ஏரோப்ளேன் மோட் கீயைப் பாருங்கள், கை தவறிப் பட்டிருக்கலாம். அடுத்து ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, சற்று நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். அதுவரை அவசர வேலை இருந்தால், செல்போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் இன்டர்நெட் கிடைத்துவிடும். அன்று காலையில் எனக்கு இது தோன்றவில்லை.