பந்து குதிக்கும் முதல் தவணை

எஸ்.பி.எம். முடிச்சதும் "அனிமேஷன் படிக்கலாமாண்ணே?" என்று நம் வகுப்பில் சிலர் கேட்டீர்கள். முதல் தவணை முடிந்த சூட்டோடு எழுதுகிறேன்.

நான் செராஸ்காரன். தாமான் கோனாட்டில் எம்.ஆர்.டி. ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் புத்ராஜெயா தடத்துக்கு மாறி, சைபர்ஜெயா போய்ப் படிக்கிறேன். கம்ப்யூட்டரோடுதான் பாடம் ஆரம்பிக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. முதல் வாரங்கள் முழுக்க பென்சிலும் காகிதமும்தான்.

முதல் பயிற்சி, குதிக்கும் பந்து. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் போதும். 10 வினாடிக்கு 120 படம். பந்து உச்சியில் இருக்கும்போது படங்கள் நெருக்கமாக விழ வேண்டும், கீழே வரவர இடைவெளி கூட வேண்டும். புவியீர்ப்பு விசைதான், வேறொன்றுமில்லை! தரையில் பட்டதும் பந்து நசுங்கும். நசுங்கினாலும் கொள்ளளவு மாறக்கூடாது, அகலம் கூடினால் உயரம் குறையணும். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் 1981-இல் நூலாக எழுதிய 12 விதிகளில் இதுதான் முதலாவது.

அடுத்தது சுமையோடு நடக்கும் மனிதர். அம்மா வருஷா வருஷம் பத்துமலையில் 272 படி ஏறிப் பால்குடம் எடுப்பவர். குடத்தில் தண்ணீர் நிரப்பி, "ஹாலில் நடந்து காட்டுங்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே நடந்தார், கைப்பேசியில் பதிவு செய்து ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தேன். தலை கொஞ்சம்கூட ஏறி இறங்கவில்லை. ஆட்டத்தையெல்லாம் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்கின்றன. அடி குட்டையாக விழுகிறது. எந்தப் புத்தகத்தையும்விட எனக்கு அதுதான் பாடம்.

நிழலை அசைத்துக் கதை சொல்வது நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து, இங்கே கிளந்தானில் வாயாங் கூலிட். அதில் வரும் செரி ராமாவும் சீதா தேவியும் நம் இராமனும் சீதையும்தான். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கத்தரித்த நிழலுருவங்களை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி 1926-இல் முழுநீளப் படமே வெளியிட்டார்.

அப்பாவுக்கு மட்டும் சமாதானமில்லை. "பி.டி.பி.டி.என். கடனை யாருடா கட்டுறது?" என்கிறார். நியாயமான கேள்வி. 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' இன்னும் ஓடுவதைச் சொன்னேன். "அது ஒண்ணு" என்றார். இரண்டாம் தவணையிலிருந்து வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யப் போகிறேன். கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும்போது வரைந்தவற்றின் தொகுப்பைக் கேட்பார்கள். கார்ட்டூன் பார்த்து வரைந்ததைக் குறைத்து, நேரில் பார்த்து வரைந்ததைச் சேருங்கள். அதுக்குத் தோதான இடம் கோயில் அன்னதானக் கூடம். சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்து போகமாட்டார்.