நோய்க்கட்டிலும் ஊழியத்தலமே

வாசிக்க: மாற்கு 2:1-12, 1 இராஜாக்கள் 19:1-8, 2 கொரிந்தியர் 1:3-7, 12:7-10



மருத்துவமனையில் பொழுது மெல்லக் கழிகிறது. பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் வருவோரில் பலர் நெசவுத்தொழிலைச் சார்ந்தவர்கள். விடிந்தது முதல் விசைத்தறியின் ஓசையைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு வார்டின் அமைதியே ஒரு பாரமாகிவிடுகிறது. அந்த அமைதியில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கடவுள் என்னை மறந்துவிட்டாரா என்பது முதற்கேள்வி. இனி நான் யாருக்குப் பயன்படுவேன் என்பது இரண்டாவது. கட்டிலில் கிடப்பவர் மட்டுமன்றி, அதன் அருகே முக்காலியில் அமர்ந்திருப்பவரும் இவ்விரண்டையும் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். தறி நின்றுவிட்டது, கடன் நிற்கவில்லை, பிள்ளைகளை அயலார் வீட்டில் விட்டுவந்தாயிற்று, மருத்துவர் சொல்லும் நாள்களோ நீண்டுகொண்டே போகின்றன.

இந்தக் கேள்விகளைக் கேட்பது பாவமன்று. திருமறையில் பக்தர் பலர் இவற்றைக் கண்ணீரோடு கேட்டிருக்கின்றனர். இவற்றுக்கு விடை தேட, நம் பகுதிக்கு அணித்தாய் வாழ்ந்த இருவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் தியானிப்போம். ஒருவர் நோயாளிக்குத் துணையாக வந்தவர். மற்றவர் தாமே நோயாளியானவர்.

நம்பிக்கை என்பது யாது?

கடவுளை நம்பினால் நோய் உடனே நீங்கிவிடும் என்றும், நீங்காவிடில் நம்பிக்கையில் குறை உண்டு என்றும் சிலர் கூறுவதுண்டு. அத்தகைய சொல் ஏற்கெனவே துன்புறுவோரின் புண்ணில் மேலும் ஒரு காயத்தையே உண்டாக்குகிறது. திருமறை அவ்வாறு கற்பிக்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடலில் இருந்த ஒரு முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. அதைச் சுமப்பதற்குப் போதுமான கிருபையே அவருக்கு அருளப்பட்டது. பவுலின் நம்பிக்கை குறைவுள்ளதென்று யாரும் கூறத் துணியார்.

ஆகவே நம்பிக்கை என்பது கடவுளோடு செய்துகொள்ளும் பேரம் அன்று. நாளை என்ன நேரும் என்று அறியாத நிலையிலும், இன்றைய நாளில் அவர் நம்மோடு இருக்கிறார் என்று பற்றிக்கொள்வதே அது. மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதும், மருத்துவர் கூறிய பயிற்சியை வலியோடு செய்து முடிப்பதும் அந்நம்பிக்கைக்கு எதிரானவை அல்ல, அதன் செயல்வடிவங்களே. இறைவேண்டல் செய்கிறோம் என்று சொல்லி மருந்தை நிறுத்துவது விசுவாசமாகாது.

துணைக்கு வந்தவர்

நம்மூரார் மேல்சிகிச்சைக்காக வேலூருக்குச் செல்லும் வழியில் ராணிப்பேட்டை இருக்கிறது. 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவ்வூரில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பல தலைமுறைகளாக மருத்துவ ஊழியம் செய்த அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தும், அந்த ஊழியம் தமக்கு வேண்டாம் என்றே இளமையில் அவர் முடிவு செய்திருந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவரைத் திண்டிவனத்திற்கு மீண்டும் வரச் செய்தது தாயின் உடல்நலக்குறைவு. தாயைப் பேணிவிட்டுத் திரும்பிச் செல்வதே அவருடைய எண்ணம். நம் வார்டுகளில் தாய்க்கோ தந்தைக்கோ துணையாக இருந்துவிட்டு, விரைவில் வீடு திரும்ப நினைக்கும் பிள்ளைகளைப் போலத்தான் அவரும் வந்தார்.

அங்கே ஓர் இரவில் மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்களைத் தொட்டுப் பார்ப்பதை அம்மூவரும் ஏற்கவில்லை. ஐடா வரவேண்டும் என்று கேட்டனர். அவரோ மருத்துவம் படிக்காதவர். மறுநாள் அம்மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

அந்த இரவில் ஐடாவால் எதுவும் செய்ய இயலவில்லை. ஆனால் தம் இயலாமையை அவர் மறந்துவிடவில்லை. அதையே கடவுளுடைய அழைப்பாக ஏற்று, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் இந்தியாவுக்குத் திரும்பினார். வந்த சில மாதங்களில் தந்தை இறந்தார். வழிகாட்ட இருந்த ஒருவரையும் இழந்த நிலையில், வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தம் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று உலகறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு இதுவே.

நாம் இங்கே கவனிக்கவேண்டியது அந்நிறுவனத்தின் பெருமையை அன்று. தாய்க்குத் துணையாக வந்த ஒரு பெண், தம் வாயிற்கதவைத் தட்டிய பிறருடைய துன்பத்தையும் கேட்டார் என்பதே கவனிக்கத்தக்கது. ஒருவர் துன்பத்தைப் பேணும்போது நம் செவி கூர்மையடைகிறது. அடுத்த கட்டிலின் முனகலும் நமக்குக் கேட்கத் தொடங்குகிறது.

கட்டிலில் கிடந்தவர்

ஐடா தொடங்கிய அதே கல்லூரியில் படித்து மருத்துவரானவர், கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954இல் உடன் பணிபுரிந்தோருடன் சென்ற பயணத்தில் அவர்கள் வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. அவருடைய முதுகுத்தண்டு பழுதுற்று, உடலின் கீழ்ப்பகுதி செயலற்றுப்போயிற்று. முகத்திலும் ஆழ்ந்த காயங்கள். நேற்றுவரை வார்டில் நோயாளிகளைப் பார்த்துவந்த இளம் மருத்துவர், தம் உடலைத் தாமே புரட்டிக்கொள்ளவும் இயலாதவராய் அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தார்.

அவர் உடனே மனந்தேறிவிட்டார் என்று எண்ணவேண்டா. வலியும் சோர்வும் நிறைந்த நீண்ட மாதங்களை அவர் கடக்க நேர்ந்தது. மீண்டும் நடக்கவேண்டும் என்பதே அவருடைய வேண்டுதலாயிருந்தது. அந்த வேண்டுதல் அவர் கேட்டபடி நிறைவேறவில்லை.

அக்காலத்தில் அங்கே டாக்டர் பால் பிராண்ட் என்பவர் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்துவந்தார். நன்றாக இயங்கும் தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தினால், முடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரவும் மடங்கவும் இயலும். கையில் செய்யும் இச்சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். மேரியின் கால்கள் செயலிழந்திருந்தன, கைகளோ நலமாயிருந்தன. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அச்சிகிச்சையைக் கற்றுச் செய்யலானார். சமுதாயம் தொடவும் அஞ்சிய கைகளை, நடக்க இயலாத ஒருவர் தம் கையில் ஏந்திச் சீராக்கினார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தைப் பயின்றார். வேலூருக்குத் திரும்பி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தம்மைப்போல் முதுகுத்தண்டு பழுதுற்றோர் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் தொழிலுக்கும் திரும்ப அவர் வழிவகுத்தார். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் மறையும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. ஆயினும் அவரால் எழுந்தோர் பலர்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த முனைகளைத் தேடி எடுக்கிறார், முடிச்சிட்டு மீண்டும் நெய்கிறார். முடிச்சு துணியில் இருக்கத்தான் செய்யும். ஆனால் நெசவு தொடர்கிறது. கடவுள் மேரியின் வாழ்வில் செய்தது அதுவே. இழந்ததை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை; எஞ்சியதை வீணாக்கவும் இல்லை.

நம் கட்டிலருகே

இவ்விருவரும் செய்தது போன்ற பெரும்பணிகளை நம்மால் செய்ய இயலுமா என்று கேட்கலாம். கடவுள் அவற்றை நம்மிடம் கேட்கவில்லை. இன்று நம் கைக்கு எட்டுவதையே கேட்கிறார். தாம் பெற்ற ஆறுதலைக்கொண்டே பிறருக்கு ஆறுதல் அளிக்கலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். முதன்முறை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம், அதைக் கடந்துவந்த நீங்கள் இரண்டு வார்த்தை பேசினால் அது எவ்வளவோ தைரியம் தரும். எழுத்தறியாத முதியவருக்கு மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்லுதல், தமிழ் தெரியாமல் தெலுங்கு மட்டுமே பேசும் அன்னைக்கு மருத்துவர் கூறியதை விளக்குதல், தனியே கிடப்பவருக்கு ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தல் ஆகியவை எல்லைப்புற ஊர்க்காரராகிய நமக்கு எளிய ஊழியங்கள். இவற்றைச் செய்யும்போது அவருடைய சாதி யாது, அவர் திருத்தணி மலைப்படி ஏறுபவரா, மசூதிக்குச் செல்பவரா என்று கேட்கவேண்டியதில்லை. அன்று ஐடாவின் கதவைத் தட்டியவர்களும் வெவ்வேறு சமயத்தாரே.

எழவோ பேசவோ இயலாத நிலையில் இருப்போரும் உள்ளனர். அவர்கள் தம்மைப் பயனற்றோராய் எண்ணலாகாது. பிறர் செய்யும் பணிவிடையைக் கூச்சமின்றி ஏற்றுக்கொள்வதும் ஓர் அருங்கொடையே. மாற்கு நற்செய்தியில் வரும் திமிர்வாதக்காரர் தம் படுக்கையில் கிடந்தார். நால்வர் அவரைச் சுமந்து, கூரையைத் திறந்து, இயேசுவின் முன் இறக்கினர். சுமந்தவர்களுடைய விசுவாசத்தையும் இயேசு கண்டார். சில நாள்களில் நாம் சுமக்கிறோம். சில நாள்களில் சுமக்கப்படுகிறோம். இரண்டும் ஒரே உறவின் பகுதிகளே.

பேணுவோரிடம் ஒரு சொல். படுக்கையை விட்டெழ இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தும், உடலை உலர்வாகத் துடைத்தும் வருகிறீர்கள். படுக்கைப்புண் வராமல் காக்கும் இந்த வேலையை யாரும் பாராட்டுவதில்லை. கடவுள் அதைக் காண்கிறார். ஆனால் உங்கள் உடலும் மண்ணால் ஆனதே. எலியா தீர்க்கதரிசி சோர்ந்து, சாவை விரும்பி, ஒரு செடியின்கீழ் படுத்தபோது கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்க விட்டார், அப்பமும் நீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்க விட்டார், பிறகே பயணத்தைத் தொடரச் செய்தார். எனவே வேளைக்கு உண்ணுங்கள். உறவினர் ஒருவரை ஓர் இரவேனும் மாற்றுக்கு வரச்சொல்லி உறங்குங்கள். சினம் மிகுந்து அழத் தோன்றினால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். உதவி கேட்பது அன்பின் குறைவன்று.

சிந்தித்துச் செய்வதற்கு

1. என்னிடம் இழந்துபோனவை எவை? இன்னும் எஞ்சியிருப்பவை எவை? இரண்டையும் மறைக்காமல் கடவுளிடம் சொல்வோம்.

2. இந்த வார்டில் துணை இல்லாதவர் யார்? இன்று அவருக்குச் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்று யாது?

3. என்னைப் பேணுபவருக்கு நான் கடைசியாக நன்றி சொன்னது எப்போது? இன்றே சொல்வோம்.

வேண்டல்

அன்பின் ஆண்டவரே, எங்கள் நோயை நீர் அறிவீர். எங்கள் அச்சத்தையும் அறிவீர். நலம் பெற விரும்புகிறோம். அதை உம்மிடம் வெளிப்படையாகவே கேட்கிறோம். நலம் தாமதிக்கும் நாள்களிலும் உம் கையை விடாதிருக்கச் செய்யும். எங்களிடம் எஞ்சியிருக்கும் வலிமையால் அருகில் இருப்பவருக்கு ஆறுதல் அளிக்கக் கற்றுத்தாரும். எங்களுக்காக விழித்திருப்போருக்கு இன்றிரவு இளைப்பாறுதல் தாரும். மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் அனைவரின் கைகளையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் பெயரால் வேண்டுகிறோம். ஆமென்.