ஓசூர் கேன்டீனிலிருந்து சொகுசுப் படகின் அடுப்படிக்கு

களி கிண்டும் கட்டைக்கும் படகு வலிக்கும் கட்டைக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: துடுப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முதல் துடுப்பு வீட்டுக்கு வீடு இருக்கும். இரண்டாவதை ஒகேனக்கல் பரிசலில் பார்த்ததோடு சரி. ஓசூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அப்படியிருந்தும் சிப்காட் தொழிற்பேட்டையின் கேன்டீன் பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்பது, “அண்ணா, அந்த வாடகைப் படகுல சமைக்கப் போகணும்னா என்ன பண்ணணும்?” நானும் அதே கேன்டீன்களில் அண்டா கழுவி ஆரம்பித்து, கடலுக்குப் போய் வந்தவன்தான். கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். யாட் என்கிற இந்தப் படகைப் பணக்காரக் குடும்பங்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று ஆட்களோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். விருந்தாளிகள் பெரும்பாலும் 12 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். ஒரு ஷிஃப்டுக்கு 800 பேருக்குச் சாம்பார் வைத்தவனுக்கு 12 பேர் தூசு என்று தோன்றும். தோன்றட்டும். 800 பேரில் ஒருவர்கூட “எனக்கு மட்டும் வேறு சாம்பார்” என்று கேட்டதில்லை. இங்கே 12 பேரும் கேட்பார்கள்.

அடுத்தது காகிதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டிப் பாஸ்போர்ட் எடுங்கள். குடிபெயர்வு அனுமதி முத்திரைத் தொல்லை இருக்காது. பிறகு கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் கடலோடிகளுக்கான அடையாள எண்ணான இண்டாஸ் எண். அது கையில் வந்தபின் எஸ்டிசிடபிள்யூ என்கிற சர்வதேசக் கடலோடித் தரப்படியான அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, படகில் நடந்துகொள்ளும் முறை, இவற்றோடு கப்பல் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று. சென்னையில் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. அதன்பின் சிடிசி, அதாவது கடலோடியின் பணிப் பதிவேடு. கேட்டரிங் படிக்காதவர்களுக்குக் கப்பல் சமையலுக்கென்றே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். பிரிட்டிஷ் கொடிப் படகானால் இஎன்ஜி-1 என்ற மருத்துவச் சான்று தனியாகக் கேட்பார்கள். ஊழியர் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள படகில், 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தகுதி பெற்ற சமையல்காரர் இருந்தாக வேண்டும்.

உயிர் தப்பும் பயிற்சியில் உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் குதிக்க வைப்பார்கள். முன்னாலேயே நீச்சல் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டணம் கட்டிக் குளத்தில் பழகுங்கள். கெலவரப்பள்ளி அணையில் இறங்கிப் பழகலாம் என்று ஒரு தம்பி சொன்னான். அங்கே மிதக்கும் நுரையைப் பார்த்தபிறகும் அப்படிச் சொன்னான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் சூடு பட்டவன். பெங்களூரில் ஒருவர் “நேரா ஐரோப்பா” என்று சொல்லி 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதமே போன் எண்ணை மாற்றிவிட்டார். இந்தியாவில் கடலோடிகளை வேலைக்கு அனுப்ப ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் தளத்திலேயே இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தரக் கட்டணம் கேட்கக் கூடாது. மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் செலவு உங்களுடையது. விசா செலவு முதலாளியுடையது. டூரிஸ்ட் விசாவில் போய்த் துறைமுகத்தில் படகு படகாக ஏறி வேலை கேட்கலாம் என்று யாராவது சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நேராக யாட் கிடைப்பது அபூர்வம். பெங்களூர் ஓட்டல் ஒன்றில் இரண்டு வருஷம், பிறகு பயணிகள் கப்பலிலோ மும்பை, கொச்சி, கோவா பக்கத்து வாடகைப் படகிலோ கொஞ்ச காலம் என்று போனால்தான் வெளிநாட்டுப் படகில் உங்கள் பெயரைப் பார்ப்பார்கள். மத்தியதரைக் கடலில் மே முதல் அக்டோபர் வரை சீசன், கரீபியனில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

இனி சமையல். இதற்கு நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு ஒரு விடியற்காலை போய் நில்லுங்கள். தூரத்துக்குப் போகிற லோடில் பழத்தை ஏற்ற மாட்டார்கள். காயும் செங்காயுமாகப் பிரித்து ஏற்றுவார்கள். படகுக்கும் அதே கணக்குதான். ஏழு நாள் பயணமென்றால் முதல் இரண்டு நாளைக்குப் பழம், நடுவில் செங்காய், கடைசிக்குப் பச்சைக்காய் என்று மூன்று கூடை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மாம்பழத்தைக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தால் கீரை சீக்கிரம் மஞ்சளடிக்கும். கறிவேப்பிலையைக் கழுவாமல், ஈரமில்லாத துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள்; மடிப்புக்குள் கரப்பான் முட்டை வந்துவிடும். சாமானைக் கரையிலேயே பிரித்துக் கூடைக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

வீட்டில் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். ஒற்றை அடுப்பு, ஒரு குடம் தண்ணீர், கை நீட்டினால் சுவர் இடிக்கிற இடம். அதற்குள் நான்கு பேருக்கு மூன்று வேளை. படகில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருக்கும்தான், ஆனால் அது நின்றுபோகும் நாளும் வரும். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அரிசி களையும் கேன்டீன் பழக்கத்தை ஓசூரிலேயே விட்டுவிடுங்கள்.

அலையில் படகு ஆடும் என்பதால் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அடுப்பைச் சுற்றிப் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிச் சட்டம் இருக்கும். அதை மாட்டாமல் எண்ணெய்ச் சட்டியை ஏற்றவே ஏற்றாதீர்கள். முதல் பயணத்தில் இட்லி மாவை முக்கால் டப்பா ஊற்றி, மூடியை இறுக்கி, அலமாரிக்குள் வைத்தேன். அடுப்படிச் சூட்டில் மாவு பொங்கியது, ராத்திரி அலை குலுக்கியது. விடிந்து கதவைத் திறந்தால் கேப்டனின் காபித்தூள் டப்பாவிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் உப்புமா.

கேஸ் அடுப்புள்ள படகில் இன்னொரு கவனம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடலாம். படகிலோ அது அடித்தட்டில் இறங்கித் தேங்கிவிடும். ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே விருப்பப் படிவம் ஒன்று அனுப்புவார்கள். அதில் ஒவ்வாமை பற்றிய வரியை நான்கு முறை படியுங்கள். நிலக்கடலை ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தால் கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் படகிலேயே இருக்கக் கூடாது. இந்தியக் குடும்பங்கள் வந்தால் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, பிகாரி என்று ஐந்து நாக்குக்கு ஒரே நாளில் சமைத்துப் பழகிய கை இது. சமணர்கள் வெங்காயம், பூண்டு, கிழங்கு தொட மாட்டார்கள். சிலர் சூரியன் மறைந்தபின் சாப்பிடவும் மாட்டார்கள். ஜூனில் மத்தியதரைக் கடலில் பொழுது சாய இரவு ஒன்பது மணி ஆகும். ஆறு மணிக்கே சாப்பாட்டை வைத்துவிட்டுப் பதற வேண்டாம்.

சாமான் வாங்கும் பணத்தை விருந்தாளிகள் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். கடைசி நாளில் கேப்டன் ரசீதோடு கணக்குக் காட்ட வேண்டும். சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு வையுங்கள்.

கடல் நோய் முதல் இரண்டு நாள் ஆளைப் புரட்டிப் போடும். வாந்தி வந்தபின் மாத்திரை போட்டுப் பயனில்லை. டாக்டரைக் கேட்டு, படகு கிளம்பும் முன்பே போடுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். கத்தி பிடிக்கிற வேலை என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு நாளுக்கான குழம்பையும் சூப்பையும் கரையில் நிற்கும்போதே வைத்து உறையவிடுவது என் வழக்கம்.

வாடகைக்கு ஓடும் படகுக்குக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொருந்தும். முதலாளி தன் குடும்பத்துக்கு மட்டும் வைத்திருக்கும் படகுக்குப் பொருந்தாது. பொருந்துகிற இடத்தில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு உங்கள் உரிமை. சீசன் நேரத்தில் ஏட்டில் ஒன்று, நடப்பில் ஒன்று என்று இருக்கும். உங்கள் நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் முதலாளி செலவு. அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.